சேலத்து வெயிலில் உறைந்த தண்ணீர்

எங்கள் வீடு செவ்வாய்ப்பேட்டையில். அப்பாவுக்குக் கொலுசு வேலை. பொடிப்பொடி வெள்ளி மணிகளை அவர் இடுக்கியால் எடுத்துப் பற்றவைப்பதைப் பார்த்தே வளர்ந்தேன். இரண்டு வைரங்களுக்கு நடுவே ஒரு துளித் தண்ணீரை அடைக்கும் ஆராய்ச்சிக்கு வந்தபோது அந்தக் கைப்பழக்கம்தான் கைகொடுத்தது.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டின் உள்ளேயும் நீர், அம்மோனியா, மீத்தேன் எல்லாம் பல லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நசுங்கிக் கிடப்பதாகக் கணக்கிடுகிறார்கள். வாயேஜர் 2 விண்கலம் அவற்றை 1986-லும் 1989-லும் கடந்து போனதோடு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய, அந்த அழுத்தத்தை நாம்தான் ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டும். இரண்டு வைரங்களை எதிரெதிரே வைத்து அழுத்தும் கருவியை ‘செல்’ என்போம். எங்கள் செல்லில் வைர முனையின் அகலம் அரை மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன இடத்தில் விசை குவிவதால், கையால் நாலு திருகை முறுக்கினாலே பல்லாயிரம் வளிமண்டலம் வந்துவிடும்.

வைரங்களுக்கு நடுவே எஃகு கேஸ்கெட், அதாவது மெல்லிய தகடு, அதில் 0.2 மி.மீ. துளை. துளைக்குள் தூசியளவு மாணிக்கத் துணுக்கு. பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக, 694.2 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும். ஒரு கிகாபாஸ்கல், அதாவது சுமார் 10,000 வளிமண்டலம் ஏறினால், அந்த ஒளியின் அலைநீளம் 0.36 நானோமீட்டர் நகரும். அதை வைத்துத்தான் அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம்.

முதல் வாரம் ஒன்றும் தேறவில்லை. ஏப்ரல் வெயில், மூடுவதற்குள் துளி காய்ந்து குமிழி நின்றுவிடும். சிரிஞ்சால் வழிய வழிய விட்டு, அதே மூச்சில் மூடப் பழகினேன்.

அடுத்த சிக்கல் என்னை நிஜமாகவே கலங்கடித்தது. ஒரு மதியம் ஏசி பழுதாகி அறை 10 டிகிரி சூடேறியது. திருகைத் தொடவே இல்லை, அழுத்தம் மட்டும் 0.2 கிகாபாஸ்கல் ஏறியதாகக் கணக்கு வந்தது. செல்லைப் பிரித்து மாட்டியே இரண்டு நாள் போனது. மாணிக்கத்தின் ஒளி சூட்டுக்கும் நகரும், டிகிரிக்கு சுமார் 0.007 நானோமீட்டர். இது புத்தகத்தில் படித்ததுதான். அந்த நேரத்தில் தோன்றவில்லை. அன்றிலிருந்து செல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு துணுக்கை வெறுமனே வைத்து, முதலில் அதை அளந்துவிட்டுத்தான் உள்ளிருப்பதை அளக்கிறேன்.

அதற்கடுத்த முறை, ஒரு கிகாபாஸ்கலைத் தாண்டிக் கொஞ்சம் முறுக்கியதும், தெளிவாக இருந்த வட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் சொரசொரப்பாகக் கலங்கியது. தண்ணீர் உறைந்துவிட்டது, வெயில்கால அறைச் சூட்டிலேயே! லேசாகத் தளர்த்தினேன், எல்லாம் உருகி, ஒரே ஒரு படிகம் மட்டும் விளிம்பில் ஒட்டி நின்றது. மைக்ராஸ்கோப்பை விட்டு எழ மனமில்லை.

2.2 கிகாபாஸ்கல் வாக்கில் அது ஏழாம் வகைப் பனிக்கட்டியாக, அதாவது அணுக்கள் வேறு விதமாக அடுக்கப்பட்ட பனிக்கட்டியாக மாறும். 2018-ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தார் இதே மாதிரி வைரங்களுக்கு நடுவே 2.5 கிகாபாஸ்கலில் அந்தப் பனிக்கட்டியைச் செய்து, அதன் மேல் லேசர் அதிர்வலையைச் செலுத்தினார்கள். ஆக்சிஜன் அணுக்கள் இடத்தைவிட்டு அசையாமல் நிற்க, ஹைட்ரஜன் அயனிகள் மட்டும் ஊடே ஓடி மின்சாரம் கடத்தும் நிலைக்குச் சான்று கிடைத்தது. யுரேனஸின் காந்தப்புலம் ஏறக்குறைய 59 டிகிரி சாய்ந்து கிடப்பதற்கு இந்த விசித்திரப் பனிக்கட்டியும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

அவர்கள் லேசர் இங்கே இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கிய அந்த 2.5-ஐ மறுநாள் சாயங்காலம் தொட்டேன். வெளியில் வைத்த துணுக்கை அளந்த பிறகுதான் நோட்டில் எழுதினேன்.