எண்ணூர் நண்டுத் தொட்டி: நாட்குறிப்பு

நவம்பர் 14, 2024, வியாழன்
தண்ணீரில் உப்பு லிட்டருக்கு 26 கிராம், வெப்பம் 28 டிகிரி. நாளை பௌர்ணமி. பெருசுகள் தீனியைத் தொடவில்லை. ஓடு கழற்றப் போகிற நண்டு இப்படித்தான் வாயைக் கட்டிக்கொள்ளும். கழற்றிய சில மணி நேரத்துக்கு உடம்பு வெறும் ஜவ்வு, பக்கத்து நண்டுக்கு விருந்து. மறைவிடம் அந்த நேரத்துக்காகத்தான். மற்ற நாளில் அது இடத்தகராறு.

நவம்பர் 15
இரவில் கழற்றிவிட்டன. பழைய ஓட்டை எடுக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்துக்காக அதுவே தின்னும்.

நவம்பர் 18
மறைவிடத்துக்கு மலிவு என்று 50 மி.மீ. பிவிசி குழாயையே எல்லோரும் வெட்டுகிறார்கள். 4 செ.மீ. நண்டு அதில் நுழையும், சரி. கழற்றியதும் அகலம் கால்பங்கு கூடுமே? அதுவும் நண்டு பின்பக்கமாக நழுவித்தான் ஓட்டைவிட்டு வரும். இரண்டு உடம்பு நீளத்துக்கு இடம் இல்லாவிட்டால் கால் சிக்கிப் பாதியில் செத்துப்போகும். 75 மி.மீ. வேண்டும், 20 செ.மீ. துண்டு. இரு முனையும் திறந்திருக்கட்டும். ஒன்றை அடைத்தால் வலுத்தது வாசலில் உட்கார்ந்துவிடும், உள்ளே இருப்பதற்குப் போக்கிடம் இல்லை. தண்ணீர் ஓட மேல்பக்கம் நான்கு துளை. அறுத்த விளிம்பை அரம் போட்டு மழுக்க வேண்டும், இளசு உடம்பு கீறினால் கறுத்துப் புண்ணாகும். தலைக்கு ஒரு குழாய் போதாது. சிலது இரண்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

நவம்பர் 20
குஞ்சுகளுக்குக் குழாய் உதவாது. சீர்காழி பக்கம் தொடுவாய் நண்டுப் பொரிப்பகத்திலிருந்து வருவது நகம் அளவுதான். காசிமேட்டில் கழித்த நூல் வலையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடலாம். நரம்பு (ஒற்றை இழை நைலான்) வலை ஆகாது, கால் மாட்டும். எண்ணூர்ப் பழைய வலை என்றால் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவின் கறை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். கழுவினால் போகிற சமாசாரம் இல்லை அது.

நவம்பர் 22
குழாய்க்கு அடியில் கறுப்புச் சேறு. அழுகிய முட்டை வாடை. நண்டை மறைப்பது தீனித் துணுக்கையும் மறைக்கிறது. குழாயைச் செங்கல் மேல் ஏற்றி, தீனித் தட்டைத் தள்ளிவைத்தால் குறையும்.
கடல் அட்டை விட்டால் அழுக்கைத் தின்னுமே என்று யோசனை சொல்கிறார்கள். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொட்டால் வழக்கு. வட சீனாவில் அதைக் குளத்தில் கல்லும் சிப்பி ஓடும் குவித்து வளர்க்கிறார்கள். கோடையில் கல்லுக்கடியில் தீனியில்லாமல் கிடக்கும். கூட இருப்பதைத் தின்னாத பிராணி. கொடுத்துவைத்தவர்கள்.

நவம்பர் 27
மழை வரும் என்கிறார்கள். மறுபடியும் கறுப்பு.

நவம்பர் 30, சனி
ஃபெஞ்சல் புயல். மின்சாரம் இல்லை. காற்று மோட்டார் நின்றால் மழைத்தண்ணி மேலே தனியாக நிற்கும், உப்புத்தண்ணி கீழே கிடக்கும். கீழே பிராணவாயு தீரும், முதலில் குழாய்க்குள். பகலிலேயே நண்டு குழாயை விட்டுச் சுவர் ஏறுவது அதனால்தான். குச்சியால் உள்ளே தள்ளுகிறார்கள்! தள்ளவே கூடாது. தொட்டியைக் கலக்கவும் கூடாது, கறுப்பு கிளம்பினால் விஷம். மேல் துவாரத்தைத் திறந்து மேல்தண்ணியை மட்டும் வடிக்க வேண்டும். நாளை அமாவாசை வேறு, சிலது ஓடு கழற்றும்.

டிசம்பர் 1
உப்பு மேலே 7, கீழே 20. வடிகிறது. சுவரில் இருப்பவை கெட்டி ஓடு. கூடையில் எடுத்து ஈரச் சாக்கு போட்டு மூடினால் ஒரு நாள் தாங்கும். குழாய்க்குள் இருக்கும் ஜவ்வு நண்டைக் கையால் எடுக்க முடியாது, நசுங்கும். பேட்டரி மோட்டாரின் காற்றுக்கல்லைத் தரையில் படாமல் குழாய் வாய்க்கு நேரே தொங்கவிட்டு, சன்னமாக மட்டும் காற்று. மின்சாரம் மாலைக்குள் வருமாம்.