லிஸ்ட்ல வர்ற பேரும் வராத பேரும்

அமெரிக்கால விவசாய மானியம்னு பேச்செடுத்தா உடனே யாராவது அந்த லிஸ்ட்டை நீட்டுவாங்க. இடபிள்யூஜின்னு (என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்) ஒரு அமைப்பு, 1995-ல இருந்து யாருக்கு எவ்ளோ மானியம் போச்சுன்னு கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) வாரியா பேரோட போட்டு வச்சிருக்கு. சின்ன கவுன்ட்டினா கேக்கவே வேணாம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், பக்கத்து நிலத்துக்காரருக்கு வந்த காசைப் பார்த்துட்டு ஊரே வயிறு எரியும். லிஸ்ட் பொய்யின்னு நான் சொல்லல, ஆனா அது பாதிக் கதைதான் சொல்லுது.

முதல்ல பேஸ் ஏக்கர். இப்போ நீங்க என்ன பயிர் போடுறீங்கன்றதுக்கு இல்ல, அந்த நிலத்துல முன்னாடி எப்பவோ என்ன போட்டாங்கன்ற கணக்குக்குத்தான் காசு. மக்காச்சோள பேஸ் இருக்குற நிலத்துல இந்த வருஷம் சோயா போட்டாலும், மக்காச்சோள விலை விழுந்தா அதுக்கான பணம் வரும், அதுவும் அறுவடை முடிஞ்சு அடுத்த வருஷம் அக்டோபர்ல. அதாவது காசு நிலத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. ரொக்கக் குத்தகைனா பணம் குத்தகைக்காரர் பேர்லதான் வரும், லிஸ்ட்லயும் அவர் பேர்தான் நிக்கும், ஆனா அது நிலத்துக்காரருக்குத் தெரியாதா என்ன, அடுத்த தடவை குத்தகை பேசும்போது அதுல ஒரு பங்கு அந்தப் பக்கம் போயிடும். திட்டு வாங்குறவர் ஒருத்தர், பலன் இன்னொருத்தருக்கு.

உச்சவரம்பு இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, வருஷத்துக்கு ஆளுக்கு 1,25,000 டாலரா இருந்ததை 2025 சட்டத்துல 1,55,000 ஆக்கிட்டாங்க. கூட்டா பண்ணா ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி வரம்பு, 2018 ஃபார்ம் பில்லுல (விவசாயச் சட்டம்) கசின், அண்ணன் தங்கச்சி பிள்ளைங்க வரைக்கும் குடும்பக் கணக்குல சேத்துக்கலாம்னு வேற திறந்துவிட்டாங்க. நல்ல வக்கீல் கிடைச்சா வரம்பெல்லாம் சும்மா பேருக்கு.

இதுல பெரிய கூத்து சைனாவோட டேரிஃப் சண்டை நேரத்துல நடந்துச்சு. அதுல வந்த நஷ்டத்துக்கு ஈடா அரசாங்கம் 2018-ல சோயாவுக்கு புஷலுக்கு (தானியம் அளக்குற அளவு) 1.65 டாலர் குடுத்தாங்க, மக்காச்சோளத்துக்கு 1 சென்ட், ஆமா ஒரே ஒரு சென்ட். மக்காச்சோளக்காரங்க கத்துன கத்துல அடுத்த வருஷம் கவுன்ட்டிக்கு ஒரு ரேட்னு மாத்தி, ஏக்கருக்கு 15 டாலர்ல இருந்து 150 வரைக்கும் வச்சாங்க. அப்போ கவுன்ட்டி எல்லை ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ரேட், அந்தப் பக்கம் வேற ரேட், ரெண்டு பக்கமும் அதே சோயா.

சரி, லிஸ்ட்ல இல்லாத பாதி என்னன்னா, க்ராப் இன்ஷூரன்ஸ். பிரீமியத்துல சராசரியா 60 சதவீதத்துக்கு மேல அரசாங்கமே கட்டுது, பாலிசி விக்கிற கம்பெனிகளோட நிர்வாகச் செலவுக்கும் தனியா குடுக்குது. முன்னாடி சொன்ன ஆள் வரம்பு இதுக்குக் கிடையாது, எவ்ளோ பெரிய பண்ணையோ அவ்ளோ மானியம். முக்கியமா யாருக்கு எவ்ளோன்னு பேரோட வெளிய விட சட்டமே அனுமதிக்காது. அதனால வறட்சிக்கோ விலை சரிவுக்கோ கொஞ்சம் காசு வாங்குன சின்ன ஆள் பேரு நெட்ல நிக்குது, ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு பிரீமியம் மானியம் எடுக்குறவரோட அந்தக் கணக்கு யார் கண்ணுலயும் படாது. ஊர் வம்பு பேசுறவங்களுக்கு இது தெரிஞ்சா பேச்சு வேற மாதிரி போகும்.