ரீஜென்சி நாவல்களும் கஞ்சி போட்ட கழுத்துத்துணியும்

ஜார்ஜெட் ஹேயரின் ரீஜென்சி நாவல்களைச் சேர்ந்தாற்போலப் படித்து முடிப்பது என்று நாங்கள் மூன்று பேர் ஆரம்பித்து சில மாதங்கள் ஆகின்றன. ஒருத்தி காலேஜ் நாட்களிலேயே லெண்டிங் லைப்ரரியில் வாடகைக்கு எடுத்து இவற்றைப் படித்துத் தீர்த்தவள். இன்னொருத்தி நெட்ஃபிளிக்ஸில் 'பிரிட்ஜர்டன்' பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் கதைகள் வேறு எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டு வந்தவள். நான் நடுவில். பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது, அதனால் இதுவரை என்ன நடந்தது என்று எழுதி வைக்கிறேன்.

ஹேயரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1902-ல் விம்பிள்டனில் பிறந்தவர். நோயாளித் தம்பிக்குப் பொழுதுபோகட்டும் என்று பதினேழு வயதில் சொல்லத் தொடங்கிய கதைதான் 1921-ல் முதல் நாவலாக வந்தது. 1974-ல் இறக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார், பேட்டி மட்டும் கொடுக்கவே மாட்டார். ரீஜென்சி என்பது 1811 முதல் 1820 வரை, மூன்றாம் ஜார்ஜுக்குச் சித்தம் கலங்கிப்போய் மகன் அவர் இடத்தில் இருந்து ஆண்ட காலம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் அச்சில் வந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அந்தக் காலத்தை மறுபடி கட்டி எழுப்பி, அதற்குள் ஒரு காதல் கதையையும் மூச்சுவிடாத கிண்டலையும் வைத்தவர் ஹேயர். இன்று இந்த வகையில் எழுதுகிற அத்தனை பேரும் ஏதோ ஒரு விதத்தில் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள்.

முதல் இரண்டு மூன்று புத்தகங்களைக் கதைக்காக மட்டும் வேகமாகப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லைப்ரரித் தோழி அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களில் அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பேசுகிற இடங்கள் எனக்குச் சாதாரணமாகத் தெரிந்தன. உதாரணம் 'தி கிராண்ட் சோஃபி' (1950). அப்பா தூதரக வேலையாகப் பிரேசில் போக, சோஃபி லண்டனில் அத்தை வீட்டுக்கு வந்து இறங்குகிறாள். கூடவே ஒரு குரங்கு, ஒரு கிளி, ஒரு நாய். அத்தை மகன் சார்லஸுக்கு நிச்சயம் செய்திருக்கிற யூஜீனியா எடுத்ததற்கெல்லாம் உபதேசம் செய்கிற ரகம். ஒருநாள் அந்த உபதேசம் எல்லை மீறிப்போக, சோஃபி பதில் எதுவும் சொல்லாமல் தன் குதிரை வண்டியைச் செயின்ட் ஜேம்ஸஸ் தெருவுக்குள் திருப்புகிறாள். யூஜீனியா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. ஒரு தெருவில் வண்டி போகிறது, இதில் என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"அடியே, அந்தத் தெருவில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று முதலில் பார்" என்றாள்.

பார்த்தேன். ஒயிட்ஸ், புரூக்ஸஸ், பூடில்ஸ் என்று ஆண்கள் மட்டுமே போகும் கிளப்புகள் எல்லாம் அந்த ஒரு தெருவில் இருக்கின்றன. ஒயிட்ஸ் கிளப்பில் 1811-ல் தெருவைப் பார்த்தபடி ஒரு வளைவு ஜன்னல் வைத்தார்கள். அதில் ஆண்களின் உடை நாகரிகத்துக்கே அளவுகோலாக இருந்த பியூ பிரம்மலும் அவர் கூட்டாளிகளும் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்து நக்கலடிப்பது ஊர் அறிந்த விஷயம். மானம் மரியாதை உள்ள பெண் அந்தத் தெருவில் தலைகாட்டவே கூடாது. ஒழுக்கத்தைப் பற்றி ஓயாமல் பேசிய யூஜீனியாவை அந்த ஜன்னலுக்கு முன்னால், வண்டியிலிருந்து குதிக்கவும் முடியாத நிலையில், ஊர்வலமாகக் கூட்டிப் போகிறாள் சோஃபி! இது தெரிந்த பிறகு திரும்பப் படித்தேன், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். ஹேயரின் நகைச்சுவை பாதிக்கு மேல் சட்டதிட்டங்களில்தான் இருக்கிறது, எது கூடாது என்று தெரிந்தால்தான் யார் எவ்வளவு அழகாக மீறுகிறார்கள் என்று தெரியும்.

அதற்கப்புறம் படிக்கும் முறையை மாற்றினேன். ரிச்சர்ட் ஹார்வுட் என்பவர் 1790-களில் வெளியிட்ட லண்டன் வரைபடம் இணையத்தில் பெரிதுபடுத்திப் பார்க்கக் கிடைக்கிறது. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார் மனிதர். கதை எந்தத் தெருவில் நடக்கிறதோ அதைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். சோஃபியின் அத்தை வீடு இருக்கும் பெர்க்லி சதுக்கத்திலிருந்து செயின்ட் ஜேம்ஸஸ் தெரு எத்தனை கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தபோதுதான் வதந்தி வீட்டுக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேரும் என்பதும் உறைத்தது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கிங் தெரு, அதில் ஆல்மாக்ஸ்.

ஆல்மாக்ஸ் பற்றித் தனியாகவே எழுதலாம். புதன்கிழமை தோறும் நடன விருந்து, கொடுப்பது என்னவோ எலுமிச்சை ஜூஸும் வெண்ணெய் தடவிய ரொட்டியும்தான், மது கிடையாது, இரவு பதினொன்றுக்கு மேல் யார் வந்தாலும் கதவு திறக்காது. ஆனாலும் உள்ளே போக இங்கிலாந்தே தவம் கிடந்தது, ஏனென்றால் அனுமதிச் சீட்டு கொடுப்பதும் மறுப்பதும் ஏழெட்டு சீமாட்டிகள் கையில் இருந்தது. கல்யாண மண்டபத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஒரே பார்வையில் ஒரு பெண்ணின் ஜாதகத்தையே எழுதிவிடும் பெரியம்மாக்களுக்கு நிஜமாகவே அதிகாரம் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. அவர்களில் லேடி ஜெர்சிக்கு 'மௌனம்' என்று பட்டப்பெயர், காரணம் அவர் பேச்சை நிறுத்தவே மாட்டார். இந்த நிஜப் பெண்களையெல்லாம் ஹேயர் தன் கதைக்குள் சர்வசாதாரணமாக நடமாட விடுகிறார்.

பணக் கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு, இருபத்தொரு ஷில்லிங் ஒரு கினி. தபாலில்கூட ஒரு வேடிக்கை உண்டு: 1840 வரைக்கும் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், தூரத்துக்கும் தாளுக்கும் ஏற்றபடி. அதனால் ஒரே தாளில் நேராக எழுதி முடித்து, தாளைத் திருப்பி அதன் மேலேயே குறுக்காகவும் எழுதுவார்கள். பார்லிமென்ட் உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் இலவசம், ஆகவே அப்படி ஒரு சொந்தக்காரர் இருந்தால் அவரை விடவே மாட்டார்கள். ஓடிப்போகிற ஜோடிகள் ஏன் எப்போதும் ஸ்காட்லாந்து எல்லையில் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கே ஓடுகிறார்கள் என்பதும் இப்போது தெளிவு. 1753-ல் வந்த சட்டப்படி இங்கிலாந்தில் இருபத்தொரு வயதுக்குக் கீழே இருந்தால் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும், ஸ்காட்லாந்தில் வேண்டாம். லண்டனிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல், குதிரை மாற்றி மாற்றிப் போக வேண்டும், துரத்தி வருகிற அண்ணன்களுக்கு வேண்டிய நேரம் கிடைத்துவிடும்.

சரி, கழுத்துத்துணிக்கு வருகிறேன். இந்த நாவல்களில் ஆண்கள் கிராவட் கட்டுகிற இடம் வந்தால் உலகமே நின்றுவிடும். 1818-ல் வந்த ஒரு கிண்டல் புத்தகம் விதவிதமான முடிச்சுகளைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறது, 'மேத்தமேட்டிக்கல்', 'ஓரியன்டல்' என்று பெயர்கள், அதில் ஒன்று 'மராட்டா'. பிரம்மல் செய்த புதுமை துணிக்கு லேசாகக் கஞ்சி போட்டதுதான். கஞ்சியா, அது நமக்குத் தெரிந்த வித்தையாயிற்றே என்று வீட்டில் கிடந்த பழைய மல் வேட்டியிலிருந்து ஒரு அடி அகலத்துக்கு நீளமாகக் கிழித்து, வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டேன். மாடலுக்கு அண்ணன் மகன்.

முறை இதுதான்: தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு துணியைக் கழுத்தில் சுற்றி முன்னால் முடிச்சுப் போட வேண்டும், அப்புறம் தாடையை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். இறங்க இறங்கத் துணியில் அடுக்கடுக்காக மடிப்பு விழும். அந்த மடிப்புதான் அழகு. பையன் பாதி இறக்கும்போது "அத்தை, மூச்சு முட்டுது" என்று திரும்பினான், மடிப்பு அத்தனையும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கஞ்சித் துணியில் விழுந்த மடிப்பு விழுந்ததுதான், நீவிவிட்டுத் திரும்பக் கட்ட முடியாது. பிரம்மலின் வேலைக்காரர் கை நிறையக் கசங்கிய துணிகளோடு மாடிப்படி இறங்கி வந்து, இவையெல்லாம் எங்கள் தோல்விகள் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அது ஏன் ஜோக் என்று இப்போது கைக்கே தெரியும். கஞ்சியை இன்னும் நீர்க்க வைத்தபோது கொஞ்சம் உருப்படியாக வந்தது. பையன் போட்டோ எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை.

இந்த வரிசையில் இதுவரை என் முதல் இடம் 'கொட்டிலியன்' (1953). அதன் நாயகன் ஃப்ரெடி வாள்வீரனும் இல்லை, பெண்களை மயக்குகிற போக்கிரியும் இல்லை. நன்றாக உடுத்தத் தெரியும், எங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தெரியும், புத்தி கொஞ்சம் மந்தம் என்று வீட்டில் நினைப்பு. நாயகி கிட்டிக்கு லண்டனைச் சுற்றிக்காட்டக் கூட்டிப் போனவன் எல்ஜின் மார்பிள்ஸ் என்கிற பழங்காலக் கிரேக்கச் சிலைகள் முன்னால் நின்று, தலையும் கையும் இல்லாத சிலைகளைப் பார்த்து அதிர்ந்துபோகிறான். 1816-ல் பார்லிமென்ட் 35,000 பவுண்டு கொடுத்து வாங்கிய சிலைகள் அவை. ஆனால் கடைசியில் எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு ஒரு ரகசியக் கல்யாணத்துக்கு ஓடி வந்து, லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பதையே மறந்து நிற்கும்போது அதை நினைவு வைத்து வாங்கி வருகிறவன் அவன் ஒருத்தன்தான். எனக்கு இதைவிடப் பெரிய காதல் காட்சி வேண்டாம். பிரிட்ஜர்டன் தோழிக்கு இது பிடிக்கவே இல்லை, ஹீரோ என்றால் கொஞ்சமாவது மிரட்ட வேண்டாமா என்கிறாள்.

'ஃபிரெடெரிக்கா'வில் (1965) மூன்று பேருக்கும் ஒரே கருத்து. பூங்காவில் மாடுகளை விரட்டி ரகளை செய்த நாட்டு நாயைக் காப்பாற்ற, இது பிரபு ஒருவரின் அபூர்வமான 'பார்சலோனா கோலி' என்று ஃபிரெடெரிக்கா அளக்க, அந்தப் பிரபு கண்ணிமைக்காமல் அதைப் 'பலூசிஸ்தான் ஹவுண்ட்' என்று திருத்துகிற இடத்தை நாங்கள் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டிக்கொண்டோம்.

எல்லாமே இனிப்பில்லை. 'சோஃபி'யில் வட்டிக்கடைக்காரர் வருகிற அத்தியாயம் அப்பட்டமான யூத வெறுப்பு, புத்தகம் வந்தது 1950-ல், அதாவது உலகம் என்ன நடந்தது என்று பார்த்துவிட்ட பிறகு. அந்தப் பக்கங்களைக் காலத்தின் குறை என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. 'பிளாக் ஷீப்' (1966) நாயகன் இந்தியாவில் சம்பாதித்துப் பெரும் பணத்தோடு பாத் நகருக்கு வருகிறான். படு ஜாலியான ஆள், வாயைத் திறந்தாலே சிரிப்பு. ஆனால் அந்தப் பணம் கம்பெனி ஆட்சிக் காலத்தில் இங்கே எப்படிச் சேர்ந்திருக்கும் என்று கதையில் யாரும் கேட்பதில்லை, நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது கையில் இருப்பது 'எ சிவில் கான்ட்ராக்ட்' (1961). கடனில் மூழ்கிய பிரபு, குடும்ப வீட்டைக் காப்பாற்றப் பணக்கார வியாபாரியின் மகள் ஜென்னியைக் கட்டிக்கொள்கிறான், மனசு வேறொருத்தியிடம். கிண்டல் குறைவு, ஜென்னியின் அப்பா வரும்போது மட்டும் பக்கம் களைகட்டுகிறது. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் சமயத்தில் பங்குப் பத்திரங்களில் ஏதோ பெரிய ஆட்டம் வரப்போகிறது என்று லைப்ரரித் தோழி உளறிவிட்டாள், அதனால் நோட்டுப் புத்தகத்தில் அரசாங்கப் பத்திரம், வட்டி என்று புதுப் பக்கம் திறந்திருக்கிறேன். இதை முடித்துவிட்டு 'வெனிஷியா'.