புகை எந்தப் பக்கம் போகிறது: எங்கள் வீட்டு நெருப்புக் குழி

கோத்தகிரியில் டிசம்பர் மாதம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளியே உட்கார வேண்டுமென்றால் ஒன்று கம்பளி வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு வேண்டும். கம்பளி இருக்கிறது. நெருப்புக்குத்தான் இந்த மூன்று மாதப் பாடு.

இதுவரை பழைய இரும்புச் சட்டியில் கங்கு அள்ளிப் போட்டுக் குளிர் காய்ந்து கொண்டிருந்தோம். இரண்டு பேருக்குப் போதும். தங்கை குடும்பம் வந்துவிட்டால் போதாது. சரி, பின்பக்கம் இடம் சும்மாதானே கிடக்கிறது, நிரந்தரமாக ஒரு குழி கட்டிவிடலாம் என்று அக்டோபரில் ஆரம்பித்தேன்.

முதலில் செய்த வேலையை இப்போது சொன்னாலும் அம்மா சிரிக்கிறார். நேராக மேட்டுப்பாளையம் போய் ஒரு சிமெண்ட் உறை வாங்கி வந்தேன். கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குகிற அதே உறைதான். மூன்றடி விட்டம், ஒரு அடி உயரம். வட்டமாக இருக்கிறது, விலை குறைவு, தரையில் வைத்தால் வேலை முடிந்தது. வைத்தேன். அப்புறம் ஒரு மாதம் மழை. இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. உறை அத்தனையும் குடித்துவிட்டது.

மூன்றாவது முறை தீ மூட்டியபோது 'டப்' என்று ஒரு சத்தம். அஞ்சு ரூபாய்க் காசு அகலத்தில் ஒரு சில்லு பறந்து என் செருப்பருகே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகும்போது ஆயிரம் மடங்குக்கும் மேல் விரியப் பார்க்கும். வெளியேற வழி இல்லையென்றால் உடைத்துக்கொண்டு வரும். ஓடையில் கிடக்கும் உருண்டைக் கல்லுக்கும் இதே கதை. அழகாக இருக்கிறதென்று குழியைச் சுற்றி அடுக்கப் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு மூட்டை கூழாங்கல் கொடுத்திருந்தார். அதைப் பூந்தொட்டிப் பக்கம் தள்ளிவிட்டேன். உறையில் இப்போது கொத்தமல்லி வளர்கிறது.

அடுத்து இடம். இதற்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், செலவழித்தது நல்லதாகவும் போயிற்று. எங்கள் நிலம் சரிவில் இரண்டு தட்டாக இருக்கிறது. மேல் தட்டில் குழி வைத்தால் காட்சி நன்றாக இருக்கும் என்பது என் கணக்கு. ஒரு வாரம் சாயங்காலம் தவறாமல் இரண்டு தட்டிலும் ஊதுபத்தி கொளுத்தி வைத்துப் புகையைப் பார்த்தேன். வெயில் இருக்கும்வரை புகை சரிவில் மேலே ஏறுகிறது. இருட்டிக் குளிர ஆரம்பித்ததும் அப்படியே திரும்பிக் கீழே இறங்குகிறது. மலைச்சரிவில் ராத்திரி குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளத்தை நோக்கி வழிவது வழக்கம்தான். நான்தான் இத்தனை வருடம் கவனிக்கவில்லை. மேல் தட்டில் கட்டியிருந்தால் ராத்திரிப் புகை மொத்தமும் அம்மா படுக்கும் அறைக்குள் வந்திருக்கும்.

ஆகக் கீழ்த் தட்டு. வீட்டுச் சுவரிலிருந்து இருபதடி தூரம், தலைக்கு மேல் கிளை இல்லாத இடம், துணி காயப்போடும் கொடியை விட்டுத் தள்ளி.

இனி டிசைன். பழைய இரும்புக் கடையில் ஒரு வாஷிங் மெஷின் டிரம் கிடைத்தது, மேலே திறக்கும் வகை. எடை போட்டு அறுநூறு ரூபாய் வாங்கினார். காந்தம் ஒட்டியதால் வெறும் இரும்போ என்று சந்தேகம் வந்தது. துருப்பிடிக்காத எஃகிலேயே காந்தம் ஒட்டுகிற ரகம் உண்டு. பல வருடம் தண்ணீரில் சுற்றியும் ஒரு புள்ளி துரு இல்லாததே சாட்சி.

இதில் பிளாஸ்டிக் ஒரு துண்டுகூட இல்லாமல் கழற்ற வேண்டும். டிரம்மின் வாயைச் சுற்றிப் பட்டையாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். திருகுகளை எடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். வளையம் விரிசல் விட்டு, அரை வாளி தண்ணீர் என் பேண்ட் மேல் கொட்டியது. விரலில் பட்டதை நாக்கில் வைத்துப் பார்த்தேன் (செய்யக் கூடாதுதான்), உப்பு. டிரம் வேகமாகச் சுற்றும்போது ஆடாமல் இருக்க உப்புத் தண்ணீர் அடைத்து வைக்கிறார்களாம். அடிப்பாகமும் பிளாஸ்டிக்தான். அதையும் எடுத்தால் மிஞ்சுவது இருபது அங்குல விட்டத்தில், உடம்பெல்லாம் ஓட்டை போட்ட ஒரு வளையம்.

மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்து எரித்துப் பார்த்தேன். பிரமாதமாக எரிந்தது. இருட்டில் ஓட்டை வழியாகத் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் விறகை விழுங்குகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு கட்டு காலி. சுற்றிலும் புல் கருகிவிட்டது. தங்கை மகன் ஓடியாடுகிற இடத்தில், அத்தனை சூடான தகடு எந்தத் தடுப்பும் இல்லாமல் நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் டிரம் உள்ளே, செங்கல் வெளியே என்று முடிவு செய்தேன். நடுவில் மூன்று அங்குல இடைவெளி. செங்கல் சுவரின் அடியில் நான்கு ஓட்டை. அதன் வழியே போகிற காற்று இடைவெளியில் சூடாகி ஏறும். மேலே ஒரு தகட்டு வளையம் போட்டு இடைவெளியை மூடிவிட்டால், டிரம்மின் மேல் ஓட்டைகள் வழியாக உள்ளே புகுந்து புகையையும் சேர்த்து எரிக்கும். கடையில் புகையில்லாக் குழி என்று விற்பதன் சூட்சுமம் இதுதான். நம் டிரம்மில் நடு உடம்பிலும் ஓட்டை இருப்பதால், அங்கே மட்டும் ஒரு தகட்டைச் சுற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் ஜி.ஐ. தகடு எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். துத்தநாகப் பூச்சு அந்தச் சூட்டில் புகைந்தால் மூச்சுக்கு ஆகாது. சாதாரண கறுப்புத் தகடே போதும்.

கொத்தனார் வந்து வட்டம் போட்டுப் பார்த்தார். "சார், கல்ல நீட்டுவாக்குல வெச்சா கோணல்மாணலா இருக்கும். குறுக்க வெச்சுக்கலாம், டம்ளர் வைக்கவும் எடம் கெடைக்கும்" என்றார். உள் விட்டம் 26 அங்குலம். நாலரை அங்குல முகம் உள்ளே பார்க்க வைத்தால் வரிக்குப் பதினெட்டுக் கல், ஐந்து வரிக்குத் தொண்ணூறு. தீ நேராகப் படுவது டிரம்மில்தான் என்பதால் ஃபயர் பிரிக் வாங்கவில்லை, சூளைச் செங்கல்தான். உள்பக்கம் செம்மண்ணும் மணலும் குழைத்த சாந்து. அங்கே சிமெண்ட் போட்டால் சூட்டில் பொடிந்துவிடும். வெளிப்பக்கம் கல்லுக்குக் கல் முக்கோணமாகப் பிளந்து நிற்கும் சந்தில் மட்டும் சிமெண்ட், மழைக்காக. அடியில் ஒரு அடி தோண்டி ஜல்லி கொட்டினோம், தண்ணீர் தேங்காமல் இருக்க. ஒரு வாரம் காயவிட்டு, அப்புறம் மூன்று நாள் சுள்ளி மட்டும் போட்டுச் சின்னதாக எரித்தேன்.

நான்காம் நாள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பெரிய கட்டை வைத்தேன். புகை. கண்ணைத் திறக்க முடியவில்லை. நல்ல காய்ந்த சீகை (வாட்டில்) மரக் கட்டை, ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று கேட்கும், விறகைக் குறை சொல்ல முடியாது. ஊதினேன், கிளறினேன், நான்கு ஓட்டையிலும் குச்சி விட்டுப் பார்த்தேன். அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஏண்டா, அந்த டிரம்ம தரையோட ஒட்டி வெச்சிருக்கியா?"

"ஆமாம்மா, அப்பத்தானே ஆடாம நிக்கும்."

"அடுப்புல மூணு குமிழ் எதுக்குப் போடறாங்கன்னு நெனச்சே? காத்து போக வழி விடாம எப்படிடா எரியும்?"

காற்று பக்கவாட்டில் ஏறுவதை மட்டுமே யோசித்த நான், கட்டைக்கு அடியிலிருந்து காற்று வேண்டும் என்பதை மறந்திருந்தேன். நடு ஓட்டையையும் தகட்டால் அடைத்தாயிற்று, அடியில் சாம்பல் வேறு. மறுநாள் டிரம்மைத் தூக்கி மூன்று செங்கல் துண்டு மேல் வைத்து, உள்ளே ஒரு கம்பிச் சல்லடை போட்டேன். அன்று சாயங்காலம் பத்து நிமிடத்தில் புகை அடங்கிவிட்டது. மேல் ஓட்டைகளில் மட்டும் தனித்தனி நாக்காகத் தீ நின்றது, கேஸ் அடுப்பு பர்னர் மாதிரி.

விறகைப் பற்றி இரண்டு வார்த்தை. சீகை நின்று எரிகிறது. பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூர் கிடைத்தால் இன்னும் நல்லது, கங்கு நெடுநேரம் இருக்கும். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) பொறி தெறிக்கிறது. சில்வர் ஓக் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

சாம்பல் விஷயத்தில் ஒரு முறை ஏமாந்தேன். காலை ஏழு மணிக்குக் குழி சில்லென்றுதான் இருந்தது. பிளாஸ்டிக் வாளியில் அள்ளி வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், வாளியின் அடி இல்லை. சாம்பலுக்குள் கங்கு ராத்திரி முழுக்க உயிரோடு இருந்திருக்கிறது. இப்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றிய பிறகுதான் படுக்கப் போகிறேன்.

பாக்கி இருப்பது மேல் மூடி. மழைக்கு ஒரு தகடு, பொறிக்கு ஒரு கம்பிவலை. பிப்ரவரி வந்து புல் காய ஆரம்பித்துவிட்டால் மழை வரும்வரை குழிக்கு லீவு என்று பேசி வைத்திருக்கிறோம். சோளக்கருது சுடலாம் என்று தங்கை மகன் நச்சரிக்கிறான். போன வாரம் கீழ்த் தெருவில் கரடி வந்து போனதிலிருந்து, தின்னுகிற சாமான் எதுவும் குழிப் பக்கம் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கருதைச் சமையலறையிலேயே சுட்டு, அங்கேயே தின்றுவிட்டுத்தான் வெளியே வருகிறோம்.