இரண்டு நாள் ஊர்

ராமேஸ்வரத்தில் பகுதி நேர நிருபராக இருந்தால் கச்சத்தீவில் கால் வைக்காமலே ஆயுசு முழுக்கக் கச்சத்தீவு செய்தி எழுதலாம். நானும் பல வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். "கச்சத்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த மீனவர்களை, எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படையினர் சிறைபிடித்தனர்" என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், ஆட்களின் எண்ணிக்கையையும் படகின் பதிவு எண்ணையும் மாற்றிப் போட்டால் அன்றைக்கான செய்தி ரெடி. மறுநாள் தங்கச்சிமடத்தில் மறியல், அதற்கு மறுநாள் வேலைநிறுத்தம், அப்புறம் சென்னையிலிருந்து அறிக்கை. அந்தத் தீவில் என்னதான் இருக்கிறது என்று டெஸ்க்கில் ஒருவரும் கேட்டதில்லை.

அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் யாரும் இல்லை என்பதுதான் அதற்குச் சுருக்கமான பதில். 285 ஏக்கர் மணலும் முட்புதரும், ஒரு அந்தோணியார் கோயிலும். குடிக்கத் தண்ணீர் கிடையாது, அதனால் குடியிருப்பும் கிடையாது. வருஷத்தில் இரண்டே நாள், பிப்ரவரி மார்ச் வாக்கில் திருவிழா நடக்கும்போது மட்டும், இந்தியா, இலங்கை இரு கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி அதை ஓர் ஊராக ஆக்கிவிட்டுப் போகிறார்கள். திருவிழா செய்திக்காக நான் முதலில் போனது அந்த இரண்டு நாளில்தான்.

கிளம்புவதே பெரிய வேலை. ராமேஸ்வரத்தில் இருக்கும் வேர்க்கோடு தேவாலயத்தில் பெயர் கொடுத்து, போலீஸ் விசாரித்து, எந்தப் படகில் யார் என்று பட்டியல் போட்டு, துறைமுகத்தில் வரிசையில் நின்று பையைக் கொட்டிக் காட்டி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். திருவிழா நாட்களில் மீன்பிடிக்க டோக்கன் கிடையாது, ஆட்களை ஏற்றும் படகுக்கு மட்டும்தான் அனுமதி. எங்கள் விசைப்படகைக் கழுவித் துடைத்து, தோரணம் கட்டி, மேலே தார்ப்பாய் விரித்திருந்தார்கள், ஆனாலும் எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் மீன் வாடை எங்கே போகும். வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் எழும்புவதற்கு முந்தின காலம் என்பதால் கடல் அமைதியாகத்தான் இருந்தது. இருந்தும் ராமேஸ்வரம் கோபுரம் மறையும் முன்பே இரண்டு பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள், இருவரும் மதுரைப் பக்கத்து ஆட்கள். மீனவர் வீட்டுப் பெண்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டரை மணி நேரம் போனது.

கரைவரை படகு போகாது. தள்ளி நங்கூரம் போட்டு, அங்கிருந்து வேறு படகில் மாற்றி இறக்குகிறார்கள். இறங்கியதும் இலங்கை அதிகாரிகள் பெயரைச் சரிபார்த்து பையைத் திரும்பவும் பிரிக்கிறார்கள், ஆனால் பாஸ்போர்ட் கேட்பதில்லை. கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுத்த 1974 ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவில், இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே வந்து போகலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்று இருக்கிறது. மேடைகளில் கிழிகிழியென்று கிழிக்கப்படும் அந்த ஒப்பந்தத்தில் இன்றைக்கும் உருப்படியாக நடப்பது அந்த ஒரு வரிதான் என்பது என் எண்ணம்.

ஊர் எப்படி உண்டாகிறது என்பதை அன்று சாயங்காலத்துக்குள் பார்த்துவிட்டேன். தண்ணீர், அரிசி, ஜெனரேட்டர், தகரக் கழிப்பறை, மருந்துப் பெட்டி, பாதிரியார்கள், கடைக்காரர்கள் என்று எல்லாமே கடல் வழியாக வந்து இறங்குகிறது. யாரும் யாருக்கும் இடம் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் பாம்பன்காரர்கள் ஒரு மரத்தடி, தங்கச்சிமடம் இன்னொரு மரத்தடி, இலங்கைக் கரையின் குறிகாட்டுவானிலிருந்து வந்தவர்கள் அந்தப் பக்கம், அதே கரையின் நெடுந்தீவுக்காரர்கள் கோயிலை ஒட்டி என்று தெருத்தெருவாகத் தானே பிரிந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் "சிவப்பு கவுன் போட்ட குழந்தை" என்று அறிவிப்பு வந்தது. கடற்படை வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியடியில் நம்ம ஊர் அக்கா ஒருத்திக்கும் மன்னார் பக்கத்து அம்மா ஒருத்திக்கும் யார் குடம் முந்தி என்று வாக்குவாதம் முற்றி, எனக்கு அதைப் பார்த்ததும் சொந்தத் தெருவில் நிற்கிற மாதிரியே இருந்தது. கடைசியில் யார் முதலில் பிடித்தார்கள் என்று தெரியவில்லை, ராத்திரி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

கடைகளில் சோப்பு, தேங்காய் எண்ணெய், பிஸ்கட். நம்ம ஆட்கள் சோப்பு வாங்குவதில் காட்டிய ஆர்வத்தைப் பார்த்தால் ராமேஸ்வரத்தில் சோப்பே விற்பதில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் காசே புழங்காது என்றார் பாம்பனிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். இங்கிருந்து சேலையும் கைலியும் போகும், அங்கிருந்து எண்ணெயும் கிராம்பும் வரும். அவர்தான் வலை காயப்போட்ட கதையையும் சொன்னார். அப்போது பருத்தி நூல் வலை, ஈரத்தோடு சுருட்டி வைத்தால் இற்றுப்போகும், அதனால் மீன்பிடித்த பின் தீவில் ஏறி மணலில் விரித்துக் காயவைத்து, கஞ்சி காய்ச்சிக் குடித்து, தூங்கி எழுந்து போவார்களாம். நைலான் வலை வந்ததும் காயவைக்கும் தேவை போனது. 'கச்சத்தீவில் வலை உலர்த்தும் உரிமை' என்று நான் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், அதற்குப் பின்னால் இப்படி ஒரு நூல் சமாச்சாரம் இருப்பதை ஒரு அதிகாரியும் எனக்குச் சொன்னதில்லை.

கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி எல்லாம் நடந்தது. தமிழில் திருப்பலி, சிங்களத்திலும் ஜெபம். 2016 கடைசியில் திறந்த புதுக் கோயில், விளக்கு அலங்காரம். இதெல்லாம் மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது, இங்கே வேண்டாம்.

வராததைச் சொல்கிறேன். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நெடுந்தீவு மீனவர் ஒருவர், ஐம்பது வயது தாண்டியிருக்கும். நான் நிருபர் என்று தெரிந்ததும் தட்டைக் கையில் பிடித்தபடி ஆரம்பித்தார்.

"திங்கள், புதன், சனி எண்டால் நாங்கள் வலை விடமாட்டம் தம்பி. உங்கட ஆக்கள் வாற நாள்."

எனக்குச் சுருக்கென்றது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்பது நம்ம கரையில் சண்டை தீர்ப்பதற்காகப் போட்ட ஏற்பாடு. அந்த அட்டவணையை அந்தக் கரையில் ஒரு மனுஷன், என்றைக்குத் தன் வலையைக் கடலில் விடக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். கடன் எடுத்து வாங்கின வலை ஒரே ராத்திரியில், நம்ம விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப் போகும் வலையான இழுவை மடியில் சிக்கிக் காணாமல் போனதைச் சொன்னார். "கடற்படை பிடிச்சால் நீங்கள் பேப்பரில போடுவியள். எங்கட வலை போனதை ஆர் போட்டது?" கோபமாகக் கேட்கவில்லை, விலை விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

எங்கள் படகின் டிரைவர் அண்ணன் பின்னாலேயே நின்றிருந்தார். இனி வார்த்தை தடிக்கும் என்று நான் நினைத்தேன். அவரோ, "வாஸ்தவந்தாண்ணே. நமக்கென்ன படகா சொந்தம், பங்குக்குப் போறோம். இந்தப் பக்கம் வரலைன்னா டீசல் காசு கிடைக்காது" என்றார். அப்புறம் பேச்சு எப்படியோ யாழ்ப்பாணம் ஜெயிலுக்குப் போனது. டிரைவர் அங்கே இருந்துவிட்டு வந்தவர். நெடுந்தீவுக்காரருக்குத் தெரிந்த ஒரு வார்டர் இவருக்கும் தெரிந்தவராக இருந்தார். எந்த மாதம், சாப்பாடு எப்படி, வீட்டுக்குத் தகவல் எப்படிப் போனது என்று இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். வரிசை நகர்ந்ததையே கவனிக்கவில்லை, பின்னால் நின்றவர் அதட்டிய பிறகுதான் தட்டை நீட்டினார்கள்.

கரைக்கு வந்து அதைத் தனிச் செய்தியாக அனுப்பினேன். வரவில்லை. "நம்ம ஆளுங்களுக்கு எதிரா இருக்கேப்பா" என்றார் டெஸ்க்கில் இருந்தவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. படகைப் பறிகொடுத்தவன் வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தால் தெரியும், இருபது முப்பது லட்சக் கடன் அந்தப் படகோடு போய்விடுகிறது, படகு மட்டும் திரும்பி வருவதில்லை, மாதக்கணக்கில் ஆளும் இல்லை. அது நடக்கும் கொடுமை. இழுவை மடி கடலடியை வாரிக்கொண்டு போவதும் நடக்கும் கொடுமைதான். இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்தது. அதே வருஷம் இந்தப் பக்கம், விசைப்படகுகளைச் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகாக மாற்ற மானியத் திட்டம் வந்தது, 80 லட்சம் ரூபாய் மதிப்புள்ள படகில் பெரும்பகுதி மானியம். இருந்தும் எதிர்பார்த்த அளவு ஆள் சேரவில்லை. காலையில் போய் மறுநாள் காலையில் கரை திரும்பிப் பழகியவனை, வாரக்கணக்கில் நடுக்கடலில் கிட என்றால் அவன் யோசிக்கத்தானே செய்வான். தீவை மீட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று பேசுபவர்களிடம் எனக்கு ஒரே கேள்விதான். தீவு நம்முடையதாகவே இருந்து அதைத் தாண்டி அந்தப் பக்கக் கடலில் மடி இழுத்தால், அந்த நெடுந்தீவுக்காரரின் வலை அறுபடாமல் இருக்குமா?

2024-ல் மீனவர்கள் சிறையில் இருப்பதைக் கண்டித்து நம்ம கரையிலிருந்து திருவிழாவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். எதிர்ப்பைக் காட்ட அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது புரிந்தது. ஆனால் இந்தக் கரை மீனவனும் அந்தக் கரை மீனவனும் போலீஸ், கோர்ட், அமைச்சர் யாரும் நடுவில் இல்லாமல் ஒரே வரிசையில் நிற்பது வருஷத்தில் அந்த ஒரு ராத்திரிதான், அதையும் ஏன் விட வேண்டும் என்று நான் எழுதினேன். அதற்கு எனக்குக் கிடைத்த வசவுகளை இங்கே அச்சிட முடியாது. 2025-ல் திரும்பவும் போனார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: திருவிழா தேதி தெரிந்ததும் வேர்க்கோடு ஆலய அலுவலகத்தில் விசாரியுங்கள், அடையாள அட்டை நகல் கட்டாயம், உங்கள் ஊர் காவல் நிலையச் சான்றும் கேட்பார்கள். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், ராத்திரி மணலில் படுக்க ஒரு கோரைப்பாய் போதும். முடிந்தால் நெடுந்தீவுக்காரர்கள் இருக்கும் பக்கமாகப் பாயை விரியுங்கள். பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது, திட்டும் கொஞ்சம் விழும்.