ஆசனவாய் இல்லாமல் பிறந்த மகன்: ஆபரேஷனுக்கு முன் நடந்த சோதனைகள்

பிறந்த குழந்தையைத் துடைத்து எடை போட்ட சிஸ்டர்தான் முதலில் கவனித்தார். ஆசனவாய் இருக்க வேண்டிய இடத்தில் லேசான குழி மட்டும் இருந்தது, துளை இல்லை. சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வரும் என்றும், கர்ப்பகால ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்றும் குழந்தை மருத்துவர் சொன்னார். மனைவிக்கு சிசேரியன், அவளால் எழுந்திருக்கவே முடியாது. நானும் அத்தையும் குழந்தையோடு 108இல் ஏறி, குழந்தைகள் அறுவைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குப் போனோம்.

ஆபரேஷன் எப்படி நடக்கும் என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அதற்கு முன் என்னென்ன பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை. இதே நிலையில் வந்து நிற்கும் பெற்றோருக்காக அதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், காத்திருப்பு. பால் கொடுக்கக் கூடாது என்று ட்ரிப்ஸ் போட்டார்கள். வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டார்கள். அது தடையில்லாமல் உள்ளே இறங்கியதே ஒரு சோதனைதான், உணவுக்குழாய் சரியாக இருக்கிறது என்று அதில் தெரிந்துவிட்டது. அத்தைக்குப் பொறுக்கவில்லை. “வயிறு உப்பிக்கிட்டே வருதே, இன்னும் என்ன பாக்குறீங்க டாக்டர்?” என்று கேட்டேவிட்டார். டாக்டர் கோபப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். குழந்தை விழுங்கும் காற்றும் கருமலமும் (பிறந்த குழந்தையின் முதல் மலம்) குடலின் கடைசிவரை வந்து அழுத்தம் கொடுக்க 20 முதல் 24 மணி நேரம் ஆகும். அதற்கு முன் எடுக்கும் எக்ஸ்ரே, குடல் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் முடிவதுபோலக் காட்டிவிடும். அந்த நேரத்துக்குள் தோலில் எங்காவது ஒரு சிறு துளை வழியாகக் கருமலம் எட்டிப் பார்த்தால், கீழிருந்தே நேராகச் சரிசெய்ய வழி உண்டு. சிறுநீரில் வந்தால் கதை வேறு.

அதற்காகத்தான் சிறுநீர் வரும் இடத்தில் வெள்ளைத் துணி ஒன்றைச் சுற்றி வைத்திருந்தார்கள். சிஸ்டர் அதை அவ்வப்போது பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு தடவை அதில் கரும்பச்சைத் திட்டு ஒன்று இருந்தது. குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் இடையே தொடர்பு இருக்கிறது என்பதற்கு அதுவே போதும், வயிற்றில் கொலாஸ்டமி போட வேண்டும் என்றார்கள். அதாவது குடலைப் பிரித்து, மலம் வெளியேற அதன் இரண்டு முனைகளையும் தற்காலிகமாக வயிற்றில் வாய்களாகத் திறந்து வைப்பது.

அதே நேரத்தில் மற்ற உறுப்புகளையும் பார்த்தார்கள். இந்தக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு, கை கால் எலும்பு ஆகியவற்றிலும் குறை இருக்க வாய்ப்பு அதிகமாம். இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன். முதுகுத் தண்டுக்கும் அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எலும்பு முழுதாக இறுகாததால் அதிலேயே தண்டுவடம் தெரிந்துவிடும், பிறகு என்றால் எம்ஆர்ஐதான். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இடுப்பு எக்ஸ்ரேயில் டாக்டர் ஸ்கேலால் மூன்று கோடு போட்டு, வால் எலும்புப் பகுதி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்தார். அந்த விகிதம் 0.7ஐ ஒட்டி இருந்தால் நல்லது, 0.4க்குக் கீழே போனால் பின்னாளில் மலத்தை அடக்குவது கஷ்டம். எங்கள் பையனுக்கு 0.6க்கு மேல் இருந்தது. எனக்கு மூச்சு வந்ததே அப்போதுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குழந்தை, ஐந்தாறு மாதம் இருக்கும். பிறப்புறுப்பை ஒட்டிய சிறு துளை வழியாக மலம் வந்துகொண்டிருந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பெண் குழந்தையென்றால் சிறுநீர், பிறப்புறுப்பு, மலம் மூன்றுக்கும் தனித்தனித் துளை இருக்கிறதா என்று பிறந்த அன்றே பார்க்க வேண்டும். ஒரே துளை என்றால் மூன்று பாதையும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது இன்னும் சிக்கலானது.

கொலாஸ்டமி போட்டு வீட்டுக்கு வந்து, பை மாற்றவும் தோல் புண்ணாகாமல் பார்க்கவும் பழகிக்கொண்டோம். சில வாரங்கள் கழித்துதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை வந்தது. வயிற்றில் இருக்கும் இரண்டு வாய்களில் கீழ்ப்பக்க வாய் வழியாகச் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. இதற்கு டிஸ்டல் கொலாஸ்டோகிராம் என்று பெயர். முதலில் வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் எடுத்தோம். மருந்தை மெதுவாக விட்டு, ‘குடல் உயரத்தில் முடிகிறது, தொடர்பு தெரியவில்லை’ என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். எங்கள் சர்ஜன் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்த உடனே, “இது போதாது, என் முன்னாடி எடுக்கணும்” என்றார்.

இரண்டாவது முறை நானும் ஈயக் கவசம் போட்டுக்கொண்டு குழந்தையின் தலைமாட்டில் நின்றேன். ஆசனவாய்க் குழியில் ஒரு சின்ன உலோகக் குண்டை ஒட்டி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். குழாயின் நுனியிலிருந்த பலூனை ஊதி, வெளிப்பக்கமாக இழுத்து அந்த வாயை அடைத்துக்கொண்டார்கள். சர்ஜனே சிரிஞ்சைக் கையால் அழுத்தினார். முதலில் திரையில் குடல் தட்டையாக ஒரு கோட்டில் நின்றது. “அங்க தசை இறுக்கிப் பிடிச்சிருக்கு, இன்னும் அழுத்தினாத்தான் திறக்கும்” என்றபடி அழுத்தத்தைக் கூட்டினார். குடல் மெல்லக் கீழே இறங்கி, கிளி மூக்குபோலக் கூர்ந்து, நூல் மாதிரி ஒரு கோடு சிறுநீர்ப் பாதையில் போய்ச் சேர்ந்தது. அதோடு நிறுத்தவில்லை. சிறுநீர்ப்பை நிரம்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதும் ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் முழுப் பாதையும் தெரிந்தது: ரெக்டோபல்பார் ஃபிஸ்டுலா, அதாவது மலக்குடல் சிறுநீர்ப் பாதையின் கீழ்ப்பகுதியோடு சேர்ந்திருக்கும் வகை.

முதல் ஃபிலிமை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். குடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பின்னாலிருந்து தேடினால் சிறுநீர்ப் பாதை, விந்துக் குழாய், சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் எல்லாம் சேதமாகலாம் என்றார். வெறுமனே உயரம், தாழ்வு என்று பிரித்த காலம் போய், 2005க்குப் பிறகு இந்தத் தொடர்பு எங்கே சேர்கிறது என்பதை வைத்தே வகை பிரிக்கிறார்களாம்.

அப்புறம் நடந்தது பென்யா, டிவ்ரீஸ் என்ற சர்ஜன்கள் 1982இல் வெளியிட்ட முறையில் ஆபரேஷன். பின்புறம் நடுக்கோட்டில் பிரித்து, தசை எங்கே சுருங்குகிறது என்று மின்தூண்டலால் பார்த்து, அந்தத் தசைக்கு நடுவில் குடலைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். குடல் ஃபிலிமில் கண்ட இடத்திலேயே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, புது ஆசனவாய் சுருங்காமல் விரிக்கும் டைலேட்டர் என்ற கருவியைப் போடக் கற்றுக்கொடுத்தார்கள், வேண்டிய அளவு வந்ததும் கொலாஸ்டமியை மூடினார்கள்.

நீங்கள் போகிற இடத்தில் இந்தச் சாயப் படத்தை பலூன் வைத்து, அழுத்தம் கொடுத்து, பக்கவாட்டில் எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிந்தால் ஆபரேஷன் செய்யப்போகிற சர்ஜன் அங்கே இருக்கட்டும். ரிப்போர்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் ஃபிலிமையும் சிடியையும் கேட்டு வாங்குங்கள். இப்போது மலச்சிக்கலுக்காக செக்கப் போகும்போதுகூட டாக்டர் எங்களிடம் அந்தப் படத்தைத்தான் கேட்கிறார்.