தட்டில் மிச்சமாகும் குழம்புக்கும் கணக்கு உண்டு

யாழ்ப்பாணத்தில் இருந்து கல்யாணமாகி சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தவள் நான். மொழி ஒன்றுதானே, உனக்கு என்ன கஷ்டம் என்று இரண்டு பக்கமும் கேட்பார்கள். நாடு வேறு, அதைவிட அடுப்படி வேறு. அங்கே தேங்காயைப் பிழிந்து பாலெடுத்துக் கறி வைப்போம், சக்கையைக் கொட்டிவிடுவோம். இங்கே தேங்காயோடு சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை சேர்த்து மைய அரைத்து அப்படியே குழம்பில் கரைத்துவிடுவார்கள், எதுவும் வெளியே போகாது. எண்ணெய் மேலே மிதந்து வந்தால்தான் குழம்பு பக்குவமாகியிருக்கிறது என்று அர்த்தம். ருசியில் குறையே சொல்ல முடியாது, எனக்கு இப்போது அது இல்லாமல் சோறு இறங்காது.

பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குச் சர்க்கரை ஏறியது. பிரசவத்துக்கு அப்புறம் இறங்கிவிட்டது, ஆனால் இப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் கலோரி எண்ண ஆரம்பித்தேன். போன் ஆப்பில் கத்தரிக்காய்க் குழம்பு ஒரு கப் என்று தேடினால் ஏதோ ஒரு எண் வரும், அது யார் வீட்டுக் குழம்பு, அதில் எத்தனை கரண்டி எண்ணெய் என்று யாருக்குத் தெரியும்? நம் வீட்டுச் சட்டியை நாமேதான் கணக்குப் பண்ண வேண்டும்.

பொருள் ஒவ்வொன்றின் அளவுக்கும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பார்க்கிறேன். 528 உணவுகள் இருக்கின்றன, நம் ஊர்க் கீரை, பருப்பு எல்லாம் அதில் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், அதில் சக்தி கிலோஜூலில் போட்டிருக்கும், 4.184ஆல் வகுத்தால்தான் நாம் சொல்லும் கலோரி வரும்.

எங்கள் வீட்டு எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காய் அரைக் கிலோ, சுமார் 125 கலோரி. கடலை எண்ணெய் 100 கிராம், 900. தேங்காய் 100 கிராம், 350. வறுத்து அரைத்த வேர்க்கடலை 30 கிராம், 170. வெங்காயம், தக்காளி, புளி எல்லாம் சேர்த்து 150. மொத்தம் 1,700 பக்கம். தண்ணீருக்குக் கலோரி கிடையாது, எவ்வளவு ஊற்றினாலும் எவ்வளவு வற்றினாலும் இந்த 1,700 மாறாது. இறக்கியபின் சட்டியோடு நிறுத்து, சட்டி எடையைக் கழித்தால் 1,400 கிராம் என்று வையுங்கள், கிராமுக்கு 1.2 கலோரி. அந்த 1,700இல் 1,400க்கு மேல் எண்ணெய், தேங்காய், கடலையில் இருந்து வருகிறது. காயின் பங்கு வெறும் 125. அதனால்தான் மிச்சமாகும் சாறு முக்கியம் என்கிறேன். காயை எல்லாம் தின்றுவிட்டேன், கொஞ்சம் சாறுதானே கிடக்கிறது என்று முழுக் கிண்ணத்தையும் எழுதினால் கணக்கு கூடிவிடும், சாறு வெறும் தண்ணீர்தானே என்று காயை மட்டும் எழுதினால் ஒரேயடியாகக் குறைந்துவிடும்.

நான் செய்வது இதுதான். அடியிலிருந்து நன்றாகக் கிளறிவிட்டு, குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் 200 கிராம் எடுத்துக்கொள்வேன். சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தை மறுபடி தராசில் வைப்பேன். 70 கிராம் மிச்சம் என்றால் 130 கிராம் சாப்பிட்டிருக்கிறேன், 156 கலோரி. 240 என்று எழுத வேண்டியதில்லை. அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 65 கிராம் சோற்றுக்குச் சமம். எண்ணெய் நிறைய மிதக்கிற குழம்பில் இந்தச் சராசரி சரிவராது. மேலே நிற்கும் எண்ணெயைக் கிளறாமல் வழித்துத் தனியே எடுத்து நிறுத்து அதன் கலோரியை மொத்தத்தில் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. செக்கு எண்ணெயாக இருந்தாலும் ரீபைண்டாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கத்தரிக்காய் வேறு எண்ணெயைப் பஞ்சு மாதிரி குடிக்கும், அதனால் காயையும் சாறையும் பிரித்து எண்ண முயன்றால் துல்லியம் கிடைக்காது, சேர்த்தே எண்ணுவதுதான் நல்லது.

மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளி நிறுக்கிற பழைய தராசு ஒன்றை எனக்கே எனக்கு என்று கொடுத்துவிட்டார், எண்ணெய் அளக்க அது போதும், சட்டிக்குத் தனியாகப் பெரிய தராசு வாங்கினோம். அத்தைக்குத்தான் முதலில் மனசு கேட்கவில்லை. "ஏன் கண்ணு, சோத்த நிறுத்துத் தின்னா உடம்புல ஒட்டுமா?" என்றார். தட்டில் சாப்பாட்டை மிச்சம் வைப்பதும் இந்த வீட்டில் வழக்கமில்லை. நான் எண்ணுவது நோய்க்குப் பயந்து, உங்கள் சமையலைக் குறை சொல்ல இல்லை என்று பக்கத்தில் நின்று ஒவ்வொரு பொருளையும் போடுவதற்கு முன் கேட்டு எழுதினேன். அப்படி எழுதியதில்தான் சேலத்துக் குழம்பு எனக்குக் கைவந்தது. இப்போது அவரே கிண்ணத்தை எடுத்து நீட்டுகிறார், ஒவ்வொரு பாத்திரத்தின் வெறும் எடையும் அடுப்படிக் காலண்டரில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. மண்சட்டிக்கு மட்டும் காய்ந்தபின் நிறுத்த எடை வேண்டும், கழுவின ஈரத்தோடு நிறுத்தால் அது குடித்த தண்ணீரும் சேர்ந்துவிடும்.

சட்டியில் மீந்தது வேறு விஷயம். அது நாளைக் காலை தோசைக்கு வரப்போகிறது, சுண்டவைத்த குழம்புக்கு எங்கள் வீட்டில் போட்டியே நடக்கும். 600 கிராம் மீந்தால் அதில் 720 கலோரி. சுண்டி 400 கிராம் ஆகிவிட்டால் அதே 720தான், ஆனால் கிராமுக்கு 1.8. நேற்றைய எண்ணையே போட்டு எழுதக்கூடாது. நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை.

பள்ளிபாளையம் சிக்கன் மாதிரி வறண்ட பதார்த்தத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, சாறே கிடையாது, மிஞ்சினால் தட்டில் எலும்பும் வரமிளகாயும் கிடக்கும், அதை நிறுத்துக் கழித்தால் சரி. வடை, பஜ்ஜிக்குப் பொரிக்கும் முன்னும் பின்னும் எண்ணெயை நிறுத்தால் எவ்வளவு உறிஞ்சியது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பான சொதிதான் கஷ்டம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதில் இருந்து, அங்கிருந்து யார் வந்தாலும் அம்மா வறுத்து இடித்த தூள் வந்துவிடுகிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ச் சாப்பாடு. தேங்காய் முழுவதையும் கணக்கில் போட்டால் கூடிவிடும், சக்கையிலும் கொழுப்பு தங்கிவிடுகிறது. முதல் பாலை மட்டும் நிறுத்து 100 கிராமுக்கு 230 என்று எடுத்துக்கொள்கிறேன், இரண்டாம் பாலில் அதைவிடக் குறைவு. இடியாப்பம் முடிந்தபின் கிண்ணத்தில் நிற்கும் சொதியை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அதில்தான் பால் இருக்கிறது. அம்மாவுக்கும் பல வருஷமாகச் சர்க்கரை. எண்ணிப் பார்க்கப் போகிறேன், தராசு வாங்கிவிட்டேன் என்று போனில் சொன்னார், எனக்கு அவ்வளவு சந்தோஷம். எடுத்த எடுப்பில் சொதியில் தொடங்காதீர்கள், முதலில் பருப்புக் கறி, சட்டியை வெறுமனே நிறுத்து எழுதி வையுங்கோ அம்மா, மிச்சத்தை நான் போனில் சொல்கிறேன் என்றேன்.